யோகராணி அக்கா எழுதாத பெயர்

யோகராணி அக்கா வீட்டுக்கு யார் வந்தாலும் தேநீருக்கு முன்னால் வைஃபை பாஸ்வேர்டு வந்துவிடும். ஃப்ரிட்ஜ் கதவில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருப்பார். கோயில் அன்னதானத்துக்குப் பெயர் கொடுக்க வந்தவர்கள், மகள் பெரியவளானதற்குச் சாமத்தியச் சடங்கு வைத்து அழைக்க வந்தவர்கள், தப்பான வீட்டுக் கதவைத் தட்டியவர்கள்கூட வாங்கிப் போயிருக்கிறார்கள். எங்கள் ஹில்ஸ்பரோ பகுதியில் பாதித் தமிழர்களின் போன் அந்த வீட்டைத் தாண்டும்போது தானாக இணைந்துகொள்ளும். நான் நியூ லின் மாலில் ஒரு போன் கடை கவுண்டரில் நிற்பவள். இது ஆபத்து என்று ஊருக்கெல்லாம் சொல்கிறேன், இவரிடமும் சொன்னேன்.

"வந்த சனத்திட்ட பாஸ்வேர்டு தரமாட்டன் எண்டு என்னெண்டு சொல்லுறது, தாரிணி? தண்ணி தரமாட்டன் எண்டு சொல்லுற மாதிரியெல்லோ."

அதற்கு மேல் அவரிடம் வாதம் செய்ய முடியாது.

நானும் என் கணவன் மனோஜும் அந்த வீட்டுக் கீழ்த்தளத்தில் நான்கு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். மாடியில் அக்கா மட்டும். மகள் நிலானி வெலிங்டனில் படிக்கிறாள். அக்காவின் தொழில் மொழிபெயர்ப்பு. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தன் அறையிலிருந்தே வீடியோவில் நோயாளிக்குத் தமிழில் சொல்வார். ஒரு வார்த்தை கூட்ட மாட்டார், ஒரு வார்த்தை குறைக்க மாட்டார். சில நாள் வேலை முடிந்து நெடுநேரம் முகம் கழுவிவிட்டு வெளியே வருவார். என்ன ஆச்சு என்று கேட்டால், "அது அவையின்ர கதை" என்பார். அவ்வளவுதான்.

மார்ச் மாதத்தில் இணையக் கம்பெனியிடமிருந்து முதல் கடிதம் வந்தது. இந்த வெள்ளிக்கிழமை, இத்தனை மணிக்கு, உங்கள் இணைப்பின் வழியாக இந்தத் தமிழ்ப் படம் திருட்டுத்தனமாக இறக்கப்பட்டிருக்கிறது. மூன்றாவது தடவை நடந்தால் மூன்று மாதம் இணைப்பைத் துண்டிப்போம். அக்கா அதை எங்கள் இருவரிடமும் காட்டினார். மனோஜ் முகத்தில் ஈயாடவில்லை.

கீழே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "நீதானே?"

"இந்த வைஃபைல அறுபது போன் இருக்கு. யாருன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

கேட்ட கேள்விக்குப் பதிலைப் பாருங்கள். ஆனால் நானும் யோக்கியம் இல்லை. அந்தப் படத்தை அவன் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டு பார்த்தவள்தான். இனிமேல் கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். ஜூனில் இரண்டாவது கடிதம் வந்தது, ஆகஸ்டில் மூன்றாவது. சத்தியத்தைத் தண்ணீரில் எழுதியிருக்கிறான் மகராசன்.

மூன்றாவது கடிதத்தோடு ஒரு படிவமும் இருந்தது. செய்தது யார் என்று இணைப்பின் உரிமையாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் தண்டனை அந்த ஆள்மேல் போகும். கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் அந்த முகவரிக்கே இணையம் கிடையாது, வேறு கம்பெனியிலும் எடுக்க முடியாது. மொபைல் டேட்டாவில் ஆஸ்பத்திரி வேலை பார்க்கக் கூடாது என்பது அக்காவின் ஏஜென்சி விதி. இரண்டு வாரம் வீடியோவுக்கு வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். பத்து வருடமாகக் கட்டிக் காப்பாற்றிய வேலை.

இங்கேயே நிரந்தரமாகத் தங்க எங்கள் ரெசிடென்ஸ் விசா விண்ணப்பம் அப்போதுதான் போயிருந்தது. நன்னடத்தை பற்றி அதில் பக்கம் பக்கமாகக் கேள்வி. மனோஜ் பெயர் ஒரு திருட்டுப் புகாரில் ஏறினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயம். அதனால் வெட்கம் கெட்டுப்போய் ஒரு காரியம் செய்தேன். மாடிக்குப் போய், "அக்கா, அன்னைக்குக் கோயில் ஆளுங்க வந்திருந்தாங்கல்ல, அவங்கள்ல யாராவது ஒருத்தர் பேரைப் போட்டுடுங்க" என்றேன்.

அக்கா படிவத்தை மேசையில் போட்டார்.

"இது பலகை வீடு, தாரிணி. கீழ நீங்கள் படம் பாத்தா மேல பாட்டுக் கேக்கும். முதல் கடிதம் வந்த அண்டைக்கே எனக்குத் தெரியும்."

தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "தெரிஞ்சும் ஏன் எழுதலைக்கா?"

அக்கா மேசையில் கிடந்த படிவத்தை ஒரு விரலால் தள்ளி வைத்தார்.

"எனக்கு அப்ப பதினொரு வயசு. ஊர்ச் சனம் முழுக்கப் பள்ளிக்கூட மைதானத்தில வரிசையில நிக்குது. ஆமிக்காரற்ற ஜீப்புக்குள்ள ஒருத்தன், ஆரெண்டு தெரியாமல் முகத்தில சாக்கு. அவன் தலையாட்டினா ஆளை ஏத்துவாங்கள். அப்பாவைக் கண்டதும் தலையாட்டினான். அப்பா பிறகு வரேல்லை."

"ஐயோ அக்கா... ஆனா இதுவும் அதுவும் ஒண்ணா? இது சினிமாப் படம்."

"ஒண்டில்லைத்தான். எனக்கென்ன விசரே? ஆனா இந்தக் கட்டத்துக்குள்ள இன்னொருத்தற்ற பேரை எழுத என்ர கை வராது. வேலை போனா போகட்டும்."

திங்கட்கிழமை இணையம் போனது. அக்கா காலை ஆறரைக்குக் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனார். நேரில் மொழிபெயர்க்க அங்கே வாரத்துக்கு ஒன்றிரண்டு வேலைதான் கிடைக்கும். மற்ற நாள் சும்மா போய்விட்டு நனைந்து திரும்புவார். வாசலில் மனோஜைப் பார்த்தால், "சாப்பிட்டிட்டீரோ தம்பி?" என்று முன்போலவே கேட்பார். அவன் தலையைக் குனிந்துகொண்டு காருக்கு ஓடுவான். எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த மனுஷி ஒரு தடவை வாய்விட்டுத் திட்டித் தொலைக்கக் கூடாதா? திட்டியிருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இப்படி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லை. அவர் படி இறங்கும் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது.

ஒன்பதாம் நாள், வீடியோவுக்குத் திரும்பி வர ஏஜென்சி வெள்ளிக்கிழமைவரை கெடு கொடுத்தது. அன்று சாயங்காலம் மைதானத்துக் கதையை மனோஜிடம் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துபோனான். மறுநாள் பென்ரோஸில் அவன் வேலை பார்க்கும் கிடங்கின் வாசலில் நின்றே கம்பெனிக்குப் போன் செய்து, நான்தான் செய்தேன் என்று சொல்லியிருக்கிறான். உரிமையாளர் எழுதிக் கொடுத்தால்தான் செல்லும் என்று போனை வைத்துவிட்டார்கள். குற்றவாளி தானாக வந்து நின்றாலும் காட்டிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டுமாம். நல்ல சட்டம்.

வழி என் கவுண்டரில்தான் கிடைத்தது. வியாழக்கிழமை காலை ஒருவர் தன் வீட்டு இணைப்பை மாடியில் குடியிருப்பவர் பெயருக்கு மாற்ற வந்தார். படிவத்தை எடுத்து நீட்டும்போதே எனக்கு உறைத்தது. பெயர் மாற்றும் படிவத்தில் குற்றவாளி என்ற கட்டமே கிடையாது. பழைய உரிமையாளர் கையெழுத்து மட்டும் போட வேண்டும், புதியவர் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும். அக்காவின் கம்பெனிக்குப் போன் போட்டு விசாரித்தேன். முகவரியைக் 'கீழ்த்தளம்' என்று மாற்றினால் தண்டனையும் எங்களோடு கீழே இறங்கிவிடும், மாடிக்கு அக்கா மறுநாளே புது இணைப்பு எடுக்கலாம் என்றார்கள்.

சாயங்காலம் மூன்று பேரும் அக்காவின் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். மனோஜ் தானாகக் கம்பெனிக்குப் போன் செய்ததையும் அக்காவிடம் சொன்னேன். அக்கா படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். பொடி எழுத்தில் ஒரு வரி வந்ததும் நின்று, அதைத் தமிழில் சொன்னார். "முந்தின கடிதங்களும் தண்டனையும் புது ஆளைச் சேரும் எண்டு போட்டிருக்கு. விளங்குதோ தம்பி?"

"புரியுதுக்கா."

"விசா?"

"கேட்டாங்கன்னா உண்மையைச் சொல்லிடுவேன்." படிவத்தைத் தன் பக்கம் இழுத்தான். "உங்களை இப்படி பஸ்ஸுல அலையவிட்டுட்டு எனக்கு எந்த விசாவும் வேண்டாம்க்கா. மன்னிச்சிடுங்க."

அவன் பேனாவை எடுத்துத் தன் பெயரை எழுதினான். கல்யாணப் பதிவில்கூட அவன் அவ்வளவு மெதுவாக எழுதி நான் பார்த்ததில்லை. அக்கா அவன் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, தன் கையெழுத்தைப் போட்டார்.

பிறகு எழுந்து அறைக்குள் போனார். கோபித்துக்கொண்டு போகிறாரோ என்று எனக்குத் திக்கென்றது. ஒரு வெள்ளைத் தாளோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"முழுப் பேரைச் சொல்லும்."

"எதுக்குக்கா?"

"விசாவுக்குக் குடிவரவுக்காரர் கேக்கேக்க நீர் வெறுங்கையோட நிக்கப்படாது. சொல்லும்."

"மனோஜ் கோதண்டராமன்."

அக்கா அதைத் தாளின் முதல் வரியில் எழுதினார். ஆங்கிலத்தில் எழுத எழுத, வழக்கம்போல் கூட்டாமல் குறைக்காமல் எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். "நாலு வருசமா என்ர வீட்டில இருக்கிறார். பிழை ஒண்டு விட்டவர். ஒருத்தரும் சொல்லாமல் தானே வந்து தன்ர பேரைச் சொன்னவர். இவரை நான் நம்புறன்."

மனோஜ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அக்கா அவனைப் பார்க்காமல், பிழை இருக்கிறதா பார் என்று தாளை என்னிடம் நீட்டினார். எனக்குக் கண்ணீர் மறைத்து ஓர் எழுத்தும் தெரியவில்லை.