முட்டையும் சுண்ணாம்பும்

வா நூரு துணி மூடிய தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கோட்டை மேட்டில் ஏறினாள். தம்பி லா தோமு பின்னால் மூச்சு வாங்க வந்தான்.

"கல்லு சுமக்கிற மாதிரி தலையில வெக்காதக்கா. கையில ஏந்து. பொண்ணு கேக்கப் போறோம்."

"கையில ஏந்தினா தட்டு சாயுதுடா. தலைன்னா பழக்கம்."

புருஷன் போனதிலிருந்து ரோட்டோரம் உட்கார்ந்து சுத்தியலால் ஜல்லி உடைத்தே மகன் அர்மனைப் படிக்கவைத்தாள். இன்று அவன் பாவ்பாவ் துறைமுக ஆபீசில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறான். அவன் ஆசைப்பட்ட பெண் பள்ளிக்கூட டீச்சர் வா ஓடே மிஸ்னா. இந்தோனேசியாவின் புட்டோன் தீவில் ஆண் பெயருக்கு முன்னால் 'லா', பெண் பெயருக்கு முன்னால் 'வா' எல்லோருக்கும் உண்டு; நடுவே 'ஓடே' இருந்தால்தான் கோட்டைக்குள் பிறந்த பரம்பரை. வா நூருவின் வம்சத்தில் எந்தக் குழியைத் தோண்டினாலும் அந்தச் சொல் கிடைக்காது. இது சரிவராது என்று மகனிடம் படித்துப் படித்துச் சொன்னாள்.

"இந்தக் காலத்துல அதெல்லாம் யாரும்மா பாக்குறா? அவளே வந்து கேக்கச் சொல்லிட்டா" என்றான்.

பெண்ணின் அப்பா லா ஓடே ஹசிருன், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், வாசலிலேயே நின்றிருந்தார். தட்டை வாங்கி உள்ளே கொண்டுபோனால் பாதிச் சம்மதம். அவர் வாங்கவில்லை.

"அப்படி ஓரமா வையுங்க. வந்தது வந்தீங்க, கோட்டைய சுத்திப் பாத்ததுண்டா?"

"கீழேருந்து பாத்ததுதான் வாத்தியாரய்யா" என்றான் தோமு.

"அட, மலையடியில இருந்துக்கிட்டு! வாங்க, காட்டுறேன்."

உள்ளே கதவிடுக்கில் மிஸ்னாவின் முகம் ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

மதில் மலையைச் சுற்றி வளைந்து கிடந்தது. கறுத்த பவளப்பாறைக் கற்கள். கடலைப் பார்த்துப் பீரங்கிகள் துருவேறி நின்றன. ஹசிருன் வகுப்பெடுப்பது போலப் பேசிக்கொண்டே போனார். கடற்கொள்ளைக்காரன் எங்கிருந்து வந்தான், டச்சுக்காரன் எங்கே நங்கூரம் போட்டான், எந்த வாசல் யாருக்கு உரியது. 'சம்பந்தம்' என்ற பேச்சு எப்போது வாயில் வரும் என்று வா நூரு அவர் உதட்டையே பார்த்தபடி நடந்தாள்.

"இந்தக் கல்ல எதுல ஒட்டியிருக்காங்க தெரியுமா? சுண்ணாம்புல முட்டை வெள்ளைக்கரு. நாடே முட்டை குடுத்துச்சுன்னு எங்க தாத்தா சொல்வார்."

"அப்போ எங்க பக்கத்துப் புள்ளைங்க மஞ்சக்கருவையாவது தின்னுதுங்களா?" என்று தோமு சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"அதுக்குத்தான் சொல்றேன் தம்பி. கல்லு சுமந்தவங்க சுமந்தாங்க. காவல் நின்னவங்க நின்னாங்க. ஆண்டவங்க ஆண்டாங்க. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க இடத்துல நின்னதாலதான் எவனாலயும் இத உடைக்க முடியல."

வா நூரு நின்றுவிட்டாள்.

"கொள்ளைக்காரன் வந்தா கதவ அடைச்சிருவீங்களாய்யா?"

"பின்னே?"

"கட்டினவங்க உள்ள இருந்தாங்களா, வெளிய இருந்தாங்களா?"

"வெளிய இருந்தவங்களுக்குக் காடு இருந்துச்சும்மா" என்றார் சாவதானமாக.

சரி, பதில் வந்துவிட்டது என்று அவளுக்கு விளங்கியது. முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். சரித்திரத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

வடக்கு மூலையில் போன மழைக்கு மதில் சரிந்து கிடந்தது. ஹசிருன் அங்கே நின்றார். குரலில் புதிதாக ஒரு கனிவு.

"இத எடுத்துக் கட்டப் போறாங்க. மேஸ்திரி நமக்கு வேண்டியவர்தான். கல்லு வேலை உங்களுக்குக் கைவந்தது. ரெண்டு பேரையும் சேத்துக்கச் சொல்லட்டா?"

"எப்போ வரணுங்கய்யா?" என்று தோமு கேட்டுவிட்டான்.

அவர் தொடாத தட்டோடு இறங்கும்போது அவள் வெடித்தாள். "வெக்கங்கெட்டவனே, பொண்ணு கேக்கப் போய் கூலி கேட்டுட்டு வர்றியே!"

"பொண்ணு வேற வீட்டுல கெடைக்கும்க்கா. மழைக்காலத்துல வேலை எந்த வீட்டுல கெடைக்கும்? ரோட்டுல உன் ஜல்லிய வாங்க எவன் வந்தான் சொல்லு?"



மகனிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றாமலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். இரண்டு நாள் ஆபீசுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் கடல் தாண்டி மக்கஸ்ஸார் நகரத்துக்கு மாற்றல் கேட்டிருப்பதாகச் சொன்னான். மதில் வேலைக்குப் போக வேண்டாம் என்று அம்மாவிடம் கெஞ்சினான்.

"நான் பணம் அனுப்புறேம்மா."

"அனுப்பு. வர்ற வரைக்கும் எதத் தின்பேன்?"

திங்கட்கிழமை வா நூரு வடக்கு மூலையில் உட்கார்ந்து பவளக்கல்லை உடைத்துக்கொண்டிருந்தாள். இப்போது சிமெண்ட்டுதான், முட்டை யாரும் கேட்கவில்லை. வேலையாட்களுக்குத் தண்ணீர் தருவது பக்கத்து வீடுகளின் முறை. அன்று ஹசிருன் வீட்டு முறை. மிஸ்னாவே குடத்தோடு வந்தாள். கண் வீங்கியிருந்தது. எல்லோருக்கும் ஊற்றிவிட்டு இவள் எதிரே வந்து நின்றாள். போகவில்லை.

"அம்மா..." என்றாள். "நான் அப்பாகிட்ட எவ்வளவோ..."

வா நூரு சுத்தியலை ஓங்கினாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தள்ளி நில்லும்மா. கல்லு தெறிக்கும்."