இருபத்தோராவது கையெழுத்து

ஐந்து மணிக்குள் ஜெராக்ஸ் அக்கா ஏழு முறை தலைகளை எண்ணிவிட்டாள். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் இருபதுதான் வந்தது.

தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். நோட்டீஸ் அடிப்பது, மனு எழுதுவது எல்லாம் அவள் கையில் இருந்ததால் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பதவியும் அவள் தலையிலேயே விழுந்தது. கூட்டம் நடந்த இடம் பழைய தீயணைப்புக் கொட்டகை. வண்டிகள் புது நிலையத்துக்குப் போய் நாலு வருடமாகப் பூட்டிக் கிடந்த கட்டடம். அதைத் தெருக்காரர்களே எடுத்து நடத்துகிறோம், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்டு நகராட்சிக்குப் பதினெட்டு மாதம் நடையாய் நடந்தார்கள்.

அக்காவுக்கு அது ஊர்க்காரியம் மட்டும் இல்லை. அவளுடைய நாலு வயது மகள் ஜெராக்ஸ் மெஷினுக்கு அடியில்தான் வளர்ந்துகொண்டிருந்தாள். மெஷின் சூட்டுக்கும் மை வாசனைக்கும் நடுவில் தூங்கி எழுந்து, வீணான தாளில் படம் போட்டு, மறுபடி தூங்கினாள்.

ஒருவழியாக நகராட்சி இறங்கி வந்தது. பத்து வருடத்துக்குப் பொறுப்பு சங்கத்துக்கு. ஆனால் முப்பத்தொரு உறுப்பினரில் இருபத்தொரு பேர் அதிகாரி முன்னால் கூடித் தீர்மானம் போட வேண்டும். இன்று ஆறு மணிக்குள் ஆள் சேராவிட்டால் கொட்டகை வண்டி நிறுத்தும் குத்தகைக்காரருக்கு.

வந்திருந்த அதிகாரி நல்ல மனிதர்தான். ஆனால் கடிகாரத்தைப் பார்ப்பதை மறைக்கத் தெரியாதவர். வராதவர்களில் ஆறு பேர் வெளியூர், நாலு பேர் வேலையில். பேக்கரிக்காரர் பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வந்து கடைசிப் பெயரில் நிறுத்தினார்.

“வீட்ல இருக்கிறது ஒருத்தர்தான்க்கா. உங்க அண்ணன்.”

அக்காவுக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் ஏழு முறை எண்ணினாள்.

அண்ணன் பிளம்பர். ஒன்பதாவது வீடு. போன வருடக் கூட்டத்தில் எழுந்து, இந்தக் கொட்டகையை இப்படியே வாங்கக்கூடாது என்று பேச ஆரம்பித்தார். நேரமாகிவிட்டது, உட்காருங்கள் என்று அடக்கியது தங்கைதான். அதோடு விட்டாளா? வழக்கம்போல நோட்டில் “ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது” என்று எழுதி, எல்லார் வீட்டுக்கும் ஆளுக்கொரு நகல் போட்டும் கொடுத்தாள். அன்றிலிருந்து அண்ணன் சங்கத்துப் பக்கமும் வரவில்லை, ஜெராக்ஸ் கடைப் பக்கமும் வரவில்லை.

ஓட்டமும் நடையுமாகப் போய் நின்றபோது அவர் வாசலில் உட்கார்ந்து ஒரு குழாய்க்கு மரை வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அவள் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள்.

“நான் இல்லாமலே ஏகமனதா எழுதிக்கோயேன். உனக்குத்தான் கை வந்த கலையாச்சே.”

“இன்னைக்கு அதிகாரி தலையை எண்ணுறார்ண்ணே. நீ வந்து எதிர்த்தே ஓட்டுப் போடு. ஆனா வந்து போடு.”

அவர் கையை நிறுத்தினார். “நான் வந்தா நீ ஜெயிச்சிருவே. வராட்டி தோத்துருவே. எதிர்க்கிறவன் எதுக்கும்மா வரணும்?”

நியாயமான கேள்வி.

“வராட்டி நாளைக்கு அங்க வண்டி நிக்கும். அதையும் நீ எதிர்ப்பே. யார்கிட்ட போய்ச் சொல்லுவே?”

உள்ளேயிருந்து அண்ணி குரல் கொடுத்தாள். “என்கிட்டதான் சொல்லுவாரு. ஒரு வருஷமா அந்தச் சுவரைப் பத்தித்தான் சாப்பாட்டுக்கு நடுவுலயும் பேச்சு. கூட்டிட்டுப் போ தாயே, நான் கொஞ்சம் காத்தாட இருக்கேன்.”

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “நான் சொல்றதை எழுதுவியா?”

“எழுதுறேன்,” என்றாள், அவர் செருப்பு மாட்டினால் போதும் என்ற அவசரத்தில்.

ஆறு மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது அவர் வருகைப் பதிவேட்டைக் கையில் வாங்கினார். வாங்கியவர் கையெழுத்துப் போட வேண்டியதுதானே? முதல் வரியிலிருந்து படித்தார். பேக்கரிக்காரர் நாற்காலியில் நெளிந்தார். நாலு நிமிடம் கழித்துப் பேனாவைத் திறந்து இருபத்தோராவது இடத்தில் கையெழுத்துப் போட்டார். அதிகாரி ஓட்டெடுக்கச் சொன்னார். இருபது கை எழுந்தது. எதிர்ப்புக்கு ஒரு கை.

பிறகு அண்ணன் பேசினார். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் பின்சுவருக்கு உள்ளேயே ஓடுகிறது, அது வெடித்துச் சுவர் ஊறிப்போயிருக்கிறது, அந்தச் சுவரை ஒட்டித்தான் குழந்தைகளைப் படுக்க வைக்கப்போகிறீர்கள். நகராட்சி சரி செய்து கொடுக்கட்டும். இல்லையென்றால் நாளைக்கு என்ன ஆனாலும் பழி நம் தலையில்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். தீர்மானம் செல்லும், அதில் சந்தேகமில்லை என்றார். ஆனால் இந்த ஆட்சேபத்தை நோட்டில் ஏற்றினால் கோப்பு பொறியாளரிடம் போகும், இரண்டு மாதமாவது ஆகும். ஏற்றாவிட்டால் இப்போதே கொடுத்துவிடலாம். சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அதற்கப்புறம் யாரும் அண்ணனைப் பார்க்கவில்லை. சாவியைப் பார்த்தார்கள்.

“வாயால சொன்னாரு, காதால கேட்டுக்கிட்டோம்,” என்றார் பேக்கரிக்காரர். “எழுதி வேற வைக்கணுமாக்கா?”

அக்காவின் பேனா, பழக்கத்தில் எழுத ஆரம்பித்திருந்த “ஏக” என்ற இரண்டு எழுத்தோடு நின்றது. நாளைக் காலையிலேயே மகளை இங்கே கொண்டுவந்து விடலாம். சாவி கை நீட்டும் தூரத்தில்தான். நகராட்சி கொடுத்திருந்த ஒப்பந்தத்தைப் புரட்டினாள். அவளே நாற்பது நகல் எடுத்த தாள், ஒரு தடவையும் நின்று படித்ததில்லை. ஏழாவது பத்தியில், கட்டடத்தை இருக்கும் நிலையில் ஆட்சேபம் ஏதுமின்றி ஏற்றுக்கொள்கிறோம் என்று இருந்தது.

எழுந்து பின்சுவர்வரை போனாள். உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. மழை பெய்து ஒரு மாதமாகிறது.

“விடும்மா,” என்றார் அண்ணன். “எனக்குப் பழகிப்போச்சு.”

அவள் திரும்பி வந்து அந்த இரண்டு எழுத்தையும் அடித்தாள். ஆதரவு இருபது, எதிர்ப்பு ஒன்று என்று எழுதினாள். “மெதுவா சொல்லுண்ணே. உன் வார்த்தையிலயே எழுதுறேன்.”

ஒரு வருடமாக வீட்டில் முழங்கியவருக்கு இப்போது நாக்குக் குழறியது. நாலு வரி சொல்வதற்குள் மூன்று முறை திருத்தினார். அவள் எழுதியதை உரக்கப் படித்துக் காட்டி, ஏழாவது பத்திக்கு இந்த ஆட்சேபம் உண்டு என்றும் சேர்த்தாள். அதிகாரி சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். பதினைந்து நாளில் எழுத்தில் பதில் வேண்டும் என்று டீச்சர் ஒருத்தி கேட்டபோது, அதையும் எழுதி அவரே கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. பதினெட்டு மாதத்தில் அந்த ஆபீஸ் இவர்களுக்குப் பதில் சொல்லக் கடன்பட்டது அதுதான் முதல் தடவை.

பேக்கரிக்காரர் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார். வாசலில் இரண்டு பேர், கைக்கு வந்ததை விட்டுவிட்டாள் என்று அவள் காதில் விழும்படியே பேசினார்கள். இன்னும் இரண்டு மாதம் மகள் மெஷினுக்கு அடியில்.

அண்ணன் அவள் வேகத்துக்கு ஈடுகொடுத்து நடந்தார். “பதில் வரலேன்னா?”

“இருபத்தொரு பேரும் போய் அந்த ஆபீஸ்ல உக்காருவோம்.”

“அதுக்கும் நான் எதிர்ப்புன்னா?”

“வந்து சொல்லு. எழுதுறேன்.”