போவதற்கு முன் வந்தவரும் போறன் என்று போனவனும்

குவாத்தமாலா நகரத்துக்குப் புதன்கிழமை புறப்படவேண்டிய றெஜான் பெலான்ஜே, அதற்கு முந்திய திங்கட்கிழமை காலையே அந்தப் பயணத்தை முடித்துக்கொண்டு மொன்றியலின் டோர்வல் விமானநிலையத்தில் வந்து இறங்கினார். மூக்குத் தோல் வெயிலில் உரிந்திருந்தது. கையில் ஒரு பை கோப்பிக்கொட்டை. தன்னை ஏற்றிப்போக ஏன் கார் வரவில்லை என்று கோபத்தோடு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். அழைப்பை எடுத்த யோசெப்பின் தொலைபேசியையும் எதிரே நின்றவரையும் மாறி மாறிப் பார்த்தாள், ஏனென்றால் அதே றெஜான் பெலான்ஜே அவள் மேசைக்கு முன்னால் நின்று பால் விட்ட கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். தெருவுக்கு வரவேண்டாம், டாக்சி மறிக்கவேண்டாம், உள்ளேயே நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் காரை அனுப்பினாள். பயணி எப்போது வந்து இறங்கினாலும் கார் போகவேண்டும் என்பதுதான் முறை. அவர் புறப்பட்டுப் போயிருக்கவேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

சென்ட் லோரன்டில் இருக்கும் அந்தக் கம்பனி, விமானநிலையங்களில் பெட்டிகளைச் சுமந்துவரும் பட்டிகளைச் செய்கிறது. அவற்றை விற்கவும் பொருத்திப் பூட்டவும் ஆட்கள் தூர நாடுகளுக்குப் போவார்கள். போகிறவர்களை முழுசாகத் திருப்பி எடுப்பது யோசெப்பினின் வேலை. மன்னாரில் பிறந்து, சோதனைச் சாவடிகளுக்குள் வளர்ந்தவள் என்பதால் அந்த வேலைக்கு அவளைப் பிடித்துப் போட்டார்கள். போகிறவர்களுக்கு அவள் எழுதிக் கொடுக்கும் தாள் இப்படிப் போகும்: கட்டியிருக்கும் நல்ல மணிக்கூட்டைக் கழற்றி வீட்டில் வை. கள்ளனுக்குக் கொடுப்பதற்கென்று காலாவதியான அட்டைகளும் கொஞ்சம் தாளும் வைத்த இரண்டாவது பேர்ஸ் ஒன்று கொண்டுபோ, கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடு. காசு எடுப்பதென்றால் ஹோட்டலுக்குள் இருக்கும் இயந்திரத்தில் எடு. அறை தரையிலும் வேண்டாம், ஏணி எட்டாத உயரத்திலும் வேண்டாம். ஏற்றவரும் சாரதி கம்பனிப் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடாது, வேறு யாருக்கும் தெரியாத ஒரு சொல்லைப் பிடிக்கவேண்டும். அந்தச் சொல் பல வருடமாக ‘பிட்டு’. குவாத்தமாலா நகரம் பொல்லாத ஊர் என்று அவள் ஒருநாளும் எழுதியதில்லை. அங்கேயும் சனம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, சந்தைக்குப் போய், முதுகு நோகிறது என்று சொல்லிக்கொண்டுதான் வாழ்கிறது. வழி தெரியாத ஒருவன் நல்ல சப்பாத்தோடு சந்தியில் நின்றால் எந்த ஊரும் பொல்லாததுதான்.

இவ்வளவும் மற்றக் கம்பனிகளிலும் உண்டு. இங்கே மட்டும் கடைசியாக ஒன்று இருந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கணக்காளர் பெட்டியோடு வாசலில் நின்று, சரி, நான் போகிறேன் என்று பிரெஞ்சில் சொன்னார். போறன் என்று சொல்லிக்கொண்டு வெளிக்கிடுகிறவனை மறித்துத் திருத்தாத தமிழ் வீடு உலகத்தில் இல்லை. யோசெப்பின் கதவை மறித்துக்கொண்டு நின்று, ‘போட்டு வாறன்’, அதாவது போய்விட்டு வருகிறேன், என்று அவரைச் சொல்லவைத்துத்தான் விட்டாள். அந்தக் கணக்காளரைக் குவாத்தமாலா நகரத்தில் ஒரு சிக்னலில் வைத்து இரண்டு பேர் காரோடு கடத்தினார்கள். எந்தப் பக்கம் திரும்புவது என்று அவர்களுக்குள் சண்டை வந்து, பின்னேரம் வரை ஊரைச் சுற்றிக் களைத்துப்போய், விமானநிலையத்தில் அவரை இறக்கிவிட்டு ஒரு கோப்பியும் வாங்கிக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் எரிமலைச் சாம்பல் விழுந்து விமானங்கள் நின்றபோது, அதே சொல்லைச் சொல்லிவிட்டுப் போய் அங்கே ஹோட்டலில் படுத்த பொறியியலாளர் ஒருவர் காலையில் சென்ட் லோரன்ட் தொழிற்சாலையின் சோதனைப் பட்டியில், பெட்டிகளுக்கு நடுவே சாம்பல் பூசிக்கொண்டு சுற்றி வந்தார். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சிரித்துவிட்டு, போகிறேன் என்று சொல்லிப் போன விற்பனைப் பிரிவுப் பெண்ணுக்கு ஒரு கெடுதலும் நடக்கவில்லை. அவள் அங்கே ஒரு பல் வைத்தியரைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். நத்தார்ப் பண்டிகைக்கு மாம்பழப் படம் அனுப்புகிறாள். ஆனால் திரும்பி வரவில்லை. அதன் பிறகு கம்பனியை நடத்தும் முகாமையாளர் அம்மா அந்தச் சொல்லைக் கட்டாயமாக்கினார்.

விற்பனைத் தலைவரான றெஜான் அந்தத் திங்கட்கிழமை காலை, தொலைபேசி அடிப்பதற்குச் சற்று முன், அதைத்தான் சொல்லிப் பழகினார். காரில் வரும்போதே பாடமாக்கிக்கொண்டு வந்தவர், வாசலில் நின்று நெஞ்சை நிமிர்த்தி, “வாறன் போட்டு” என்றார். யோசெப்பின் உடனே திருத்தினாள். அவரும் திருத்திச் சொன்னார். ஆனால் வாயை விட்டுப் போனது போனதுதான். வந்துவிட்டுப் போகிறேன் என்று சொன்ன மனிதர் முதலில் வந்தார்.

பயணத்தில் யாராவது கடத்தப்பட்டால் அவர் உயிரோடு இருக்கிறாரா என்று அறிய ஒவ்வொரு பயணியிடமும் ஒரு இரகசியக் கேள்வி வாங்கி வைப்பது வழக்கம். சின்ன வயதில் உங்களைக் கடித்த நாயின் பெயர் என்ன என்று யோசெப்பின் கேட்டாள். இரண்டு றெஜான்களும் ஒரே குரலில் பதில் சொல்லி, ஒரே காலைத் தடவிக்கொண்டார்கள். அதற்கு மேல் விசாரிக்க ஒன்றும் இருக்கவில்லை. இரண்டு பேரை வீட்டில் வைத்திருக்க முடியாது என்ற அவருடைய மனைவி, வந்தவரை வைத்துக்கொண்டு, போகப்போகிறவரை ஹோட்டலுக்கு அனுப்பினார். வந்தவரிடம் கோப்பி இருந்தது.

யோசெப்பின் வந்தவரை இருத்தி, பயணம் எப்படி என்று விசாரித்தாள். சாரதி நேரத்துக்கு வந்தாரா, அறை எத்தனையாம் மாடி, ஒப்பந்தம் கையெழுத்தானதா. எல்லாம் திறம், ஒரு குறையும் இல்லை என்றார். கடைசியாகத்தான் அவள் தன் புருஷனைப் பற்றிக் கேட்டாள். பட்டியைப் பூட்டி ஓட்டிக் காட்டுவதற்கு றெஜானோடு போகவேண்டிய ஆள் டனிஸ்ரன், அந்தக் கம்பனியின் மூத்த மெக்கானிக், யோசெப்பினைக் கட்டியவன். றெஜான் உரிந்த மூக்கைச் சொறிந்தார். டனிஸ்ரன் வரவில்லை என்றார். ஒருவரும் அவனை ஒன்றும் செய்யவில்லை. விமானம் ஏறும் இடத்தில் ஒரு நீண்ட வாங்கில் உட்கார்ந்திருந்தான், கடைசி அழைப்புக்கும் எழும்பவில்லை. நான் போறன் என்று மட்டும்தான் சொல்லிவிட்டு வந்தேன், அதற்குள் வருவதற்கு ஒரு சொல்லும் இல்லை என்று சொன்னானாம். றெஜானின் பக்கத்து இருக்கை மொன்றியல் வரைக்கும் வெறுமையாக வந்தது.

அப்போது யோசெப்பினும் டனிஸ்ரனும் கதைத்து மூன்று மாதம். காரணம் லொங்குய்ய் என்ற ஊர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு வாங்குவோம், முற்றத்தில் தக்காளி வைக்கலாம் என்று டனிஸ்ரன் ஆசைப்பட்டான். யோசெப்பின் மொன்றியல் என்ற இந்தத் தீவில் வந்து இறங்கிய நாளிலிருந்து ஒரு பாலமும் தாண்டியதில்லை. மகள் றொஷினி லொங்குய்யில் நீச்சல் போட்டிக்கு நின்றபோதும் தொலைபேசியில்தான் பார்த்தாள். உலகத்தில் என்னென்ன நடக்கலாம் என்பதைச் சம்பளத்துக்கு யோசிக்கிறவளுக்கு வெளியே கால் வைக்க மனம் வரவில்லை. ஊருக்கெல்லாம் வழி சொல்லிக் கொடுக்கிறவளுக்கு ஆறு தாண்டப் பயம் என்று டனிஸ்ரன் ஒரு கலியாண வீட்டில் சபை நடுவே சொல்லிச் சிரித்தான். அன்றோடு பேச்சு நின்றது.

திங்கட்கிழமை சாப்பாட்டு மேசையில் றொஷினிதான் தூது.

“அப்பா, போகேக்க போட்டு வாறன் எண்டு சொல்லட்டாம். அம்மா சொல்றா.”

“கொம்மாட்டச் சொல்லு, அந்த மந்திரத்தைத் தன்ர துரைமாருக்குச் சொல்லிக் குடுக்கச் சொல்லி.”

“நான் என்ன கார்டெரிக்குப் போற சின்னப் பிள்ளையே? நீங்களே கதையுங்கோ,” என்று றொஷினி தட்டை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

யோசெப்பின் சோற்றைப் பார்த்தபடி சொன்னாள்: “றெஜான் தனியத்தான் வந்திருக்கிறார்.”

“ஏன், நான் செத்துப்போனேனாமோ?”

“இல்லை. வாங்கில இருக்கிறியளாம். எழும்பேலாமல்.”

டனிஸ்ரன் கொஞ்சம் யோசித்தான். “நல்ல வாங்கோ?”

“பகிடி விடாதேங்கோப்பா. ஒரு சொல்லுத்தானே,” என்றாள் யோசெப்பின்.

“மூண்டு மாசமா இந்த வீட்டில எனக்கு ஒரு சொல்லும் இல்லை. இப்ப உம்மட வேலைக்காக ஒண்டு சொல்லோணுமோ? போறன் எண்டுதான் சொல்லுவன். வேணுமெண்டால் வந்து கூட்டிக்கொண்டு போம்.”

அடுத்த நாள் அவள் முகாமையாளரிடம் போய், டனிஸ்ரனை நிறுத்தி வேறு ஆளை அனுப்பச் சொன்னாள். முகாமையாளர் நல்ல மனுசி, ஆனால் கணக்குத் தெரிந்தவர். டனிஸ்ரன் பட்டியை ஓட்டிக் காட்டித்தான் ஒப்பந்தம் கையெழுத்தானது என்று வந்த றெஜான் சொல்கிறார், ஆகவே டனிஸ்ரன் போய்விட்டான், போனவனை எப்படி நிறுத்துவது என்று கேட்டார். யோசெப்பின் தன் மேசைக்குத் திரும்பி வந்து, ஆயிரம் பேருக்குப் பயணச்சீட்டு எடுத்த கையால் தனக்கு ஒன்று எடுத்தாள். அந்த நேரத்தில், பயணம் முடித்து வந்திருந்த றெஜான் தலையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். ஓம், நீங்களும் அங்கே நின்றீர்கள், சந்தையில் தேங்காய்க்காரனோடு ஏதோ பிரச்சினைப்பட்டீர்கள், இவ்வளவு நேரமும் எனக்கு அது ஞாபகம் இருக்கவில்லை என்றார். அப்படியென்றால் டனிஸ்ரன் வந்தாரா என்று அவள் கேட்டாள். இரண்டு விதமாகவும் ஞாபகம் வருகிறது, தயவுசெய்து இனி ஒன்றும் கேட்காதீர்கள் என்று சொல்லி அவர் மலசலகூடத்துக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்.

புதன்கிழமை காலை டனிஸ்ரன் பெட்டியோடு வீட்டு வாசலுக்கு வந்தான். மனைவி தன்னுடைய பெட்டியோடு அங்கே நிற்பதைக் கண்டும் காணாதவன் மாதிரி, மகளைப் பார்த்து, “போறன்” என்றான். சொல் காற்றில் ஆறுவதற்குள் யோசெப்பின், “போட்டு வாறம்” என்றாள். வாறன் இல்லை, வாறம், இரண்டு பேரும். ஒருத்தி சொன்னால் இரண்டு பேருக்கும் போதுமா, போறன் என்று ஏற்கனவே வெளிக்கிட்டவனை ஒரு ‘ம்’ இழுத்துக்கொண்டு வருமா என்று அவளுக்குத் தெரியாது. றொஷினி இருவரையும் பார்த்துத் தோளைக் குலுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

டோர்வலில் ஹோட்டலில் நின்ற றெஜானையும் அவர்களையும் ஏற்றிக்கொண்டு விமானம் மேலே எழும்பி ஆறு கீழே தெரிந்தபோது யோசெப்பின் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது தீவு முடிந்திருந்தது, அவள் முடியவில்லை. குவாத்தமாலா நகரத்தில் ‘பிட்டு’ என்ற அட்டையோடு சாரதி நின்றார். அந்தச் சொல்லைப் பார்த்து டனிஸ்ரனுக்குப் பசித்தது. சந்தையில் ஒரு ஆள் அவளுக்குக் கிட்ட வந்ததும், அவன் வாய் திறப்பதற்கு முன்னமே அவள் இரண்டாவது பேர்ஸை நீட்டினாள். தான் தேங்காய் விற்க வந்தவன் என்று அந்த மனிதன் மனம் நொந்து சொன்னான். வெட்கத்தில் மூன்று தேங்காய் வாங்கவேண்டியதாயிற்று. இலையில் சுற்றி அவித்த சோளக் கொழுக்கட்டையைப் பிரித்த டனிஸ்ரன், “இஞ்ச பாருமப்பா, கொழுக்கட்டைக்குள்ள கோழியை வைச்சிருக்கிறாங்கள்” என்றான். யோசெப்பின் சிரித்துவிட்டாள். மூன்று மாதக் கோபத்துக்கு அது போதாத காரணம்தான், ஆனால் வேறு காரணம் கிடைக்கவில்லை. பட்டி ஓடியது. ஒப்பந்தம், ஏற்கனவே கையெழுத்தானபடி, கையெழுத்தானது.

திரும்பும் நாள் விமானநிலையத்தில் அந்த வாங்கு இருந்தது. இருக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே போன டனிஸ்ரன் சப்பாத்து நூலைக் கட்டுவதற்காக அதில் இருந்தான். றெஜான் முதலில் ஏறினார். விமானக் கதவு வரைக்கும் அவரைக் கண்டவர்கள் உண்டு, இருக்கையில் கண்டவர்கள் இல்லை. அவர்தான் முந்திய வாரமே வந்துவிட்டாரே. கடைசி அழைப்பு வந்தது. டனிஸ்ரன் எழும்பப் பார்த்தான். முழங்கால்கள், வேறு யாருடையதோ மாதிரி, அப்படியே மடிந்து கிடந்தன. அவன் முகத்தில் இப்போது பகிடி இல்லை.

“நீர் போமப்பா. பிள்ளை தனிய.”

யோசெப்பின் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடக்கப் பார்த்தாள். ஒரு அடியும் போக முடியவில்லை. சப்பாத்துகள் தரையோடு முளைத்த மாதிரி நின்றன. அவள் திரும்பி வந்து வாங்கில் அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள். அவளாலும் எழும்ப முடியவில்லை.

“உமக்கு என்ன வந்தது?” என்றான் அவன்.

“வாறம் எண்டெல்லோ சொன்னனான். அதில நான் மட்டும் எங்கையிருக்கிறன்?”

டனிஸ்ரன் அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டுப் பார்த்தான். பிறகு கையை நீட்டினான். “அப்ப ஒண்டா எழும்பிப் பாப்பம்.”

எழும்பினார்கள். பாரமான கதவொன்று திறப்பது போல முழங்கால்கள் நிமிர்ந்தன. அவர்கள் கையை விடாமல் ஓடி, கதவு மூடுவதற்குள் ஏறினார்கள். றெஜானின் சாப்பாட்டையும் டனிஸ்ரன்தான் சாப்பிட்டான்.

அந்த ‘ம்’ அதற்குப் பிறகும் கழன்று போகவில்லை. இரண்டு பேரும் எங்கே வேண்டுமானாலும் தனித்தனியாகப் போகலாம், வீட்டுக்கு வருவதென்றால் சேர்ந்துதான் வரவேண்டும். யோசெப்பின் தனியாகத் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போனால், ஆட்கள் கலைந்த பிறகும் டனிஸ்ரன் வந்து கூப்பிடும்வரை கோயில் வாங்கிலேயே இருப்பாள். சுவாமியார் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைப்பார். அடுத்த வசந்தத்தில் லொங்குய்யில் வீடு வாங்கினார்கள். பாலத்தை ஒவ்வொரு நாளும் இரண்டு தரம், இரண்டு பேராகத் தாண்டுகிறார்கள். முறையாகப் போட்டு வாறன் என்று ஒருமையில் சொல்லிப் பார்க்கலாமே என்று றொஷினி கேட்டதற்கு, சொல்லிப் பார்த்தேன், வேலை செய்யவில்லை என்று டனிஸ்ரன் சொல்கிறான். அவன் சொல்லியதை யாரும் கேட்டதில்லை. யோசெப்பினும் விசாரிக்கவில்லை, தானும் சொல்லிப் பார்க்கவில்லை.

அவன் பால் வாங்கப் போனால் தெருமுனைக் கடைக்காரர் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பார், மதாம், உங்கள் புருஷன் ரெடி என்று. பனி கொட்டுகிற நாளென்றாலும் யோசெப்பின் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு போவாள். டனிஸ்ரன் ஸ்டூலில் இருந்தபடி கடைத் தொலைக்காட்சியில் ஹொக்கி பார்த்துக்கொண்டிருப்பான். கொஞ்சம் பொறும், இந்த ஆட்டம் முடியட்டும் என்பான். கடைக்காரர் இரண்டாவது ஸ்டூலையும் எடுத்துப் போடுவார்.