அடித்துவிட்ட கட்டம்

டாக்டர் வரைந்து கொடுத்த நான்கு கட்டங்களில் ஒன்றைப் பேனாவால் அடித்துவிட்டு, தாளை என் முன்னால் தள்ளினார் மாமியார். நான் பள்ளியில் கணக்கு டீச்சர். சாப்பாட்டு மேசையில் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வயிற்றில் இரண்டாவது பிள்ளை. மூத்தவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பெற்றவர்கள் இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஏதோ ஒன்று சேர்ந்தால் இப்படி ஆகும், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“அந்த ஒண்ணுதான் வந்து முடிஞ்சிடுச்சே. மிச்சம் மூணும் நல்ல கட்டம். இனிமே என்ன பயம்?” என்றார் மாமியார். பள்ளியில் கணக்கைக் கண்டாலே காத தூரம் ஓடிய என் கணவர் நிம்மதியாகத் தலையாட்டினார்.

எனக்குச் சுருக்கென்றது. “ஒவ்வொரு தடவையும் நாலு கட்டமும் புதுசா வரும் அத்தை. அக்கா எப்படிப் பொறந்தான்னு வயித்துல இருக்கறதுக்குத் தெரியாது.”

“அப்பவும் கால் பங்குதானே?” என்றார் கணவர்.

“கால் பங்கு நம்ம பயத்துக்குத்தான். புள்ளைக்குக் கேக்கும், இல்ல கேக்காது. பூஜ்யம், இல்லன்னா ஒண்ணு. நடுவுல எதுவும் கிடையாது. சராசரி போட்டா கால்னு வரும். அந்தக் கால் எந்த வீட்டுத் தொட்டில்லயும் படுத்திருக்காது.”

கணக்கு தப்பு என்பதற்காக மட்டும் நான் கொதிக்கவில்லை. அந்தப் பேனாக்கோடு என் மகள்மேல் விழுந்திருந்தது. கெட்டதெல்லாம் அவளோடு கழிந்தது என்று இந்த வீடு பெருமூச்சு விடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

“இதுவும் அவள மாதிரியே பொறந்தா தூக்கிக் கொஞ்சுவீங்களா, மாட்டீங்களா? இப்பவே சொல்லுங்க. அவளுக்குக் கேக்காதுன்னு தெரிஞ்ச அன்னிக்கு உங்க முகம் சுருங்கறத ஒருதரம் பாத்துட்டேன். இன்னொருதரம் விடமாட்டேன்.”

“வாயும் வயிறுமா இருக்கறவ பேசற பேச்சா இது?” என்றார் மாமியார்.

“இதத்தான் பேசுவேன்.”

மாமியார் எழுந்து அடுத்த அறை வாசலுக்குப் போனார். உள்ளே மகள் முதுகைக் காட்டியபடி மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட நானும் கணவரும் பலகைத் தரையில் காலால் தட்டுவோம். அதிர்வு தெரிந்து திரும்புவாள். மாமியார் மட்டும் இத்தனை நாளும் வாயால் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விடுவார். இன்றும் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலைத் தூக்கித் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். போதவில்லை. மகள் திரும்பவில்லை.

நான் ஒரு தட்டுத் தட்டினால் திரும்பிவிடுவாள். தட்டவில்லை. அவர் மறுபடியும் காலைத் தூக்கினார்.