மாமனாரின் மோடம்

சாமியானாக் கம்பியை வேறு இடத்தில் நடுவதற்காக உருவியபோது, அதன் நுனியில் கறுப்பு வயர் ஒன்றும் அறுந்து வந்தது. மருமகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் தன் கையாலேயே வாசலில் புதைத்த பிராட்பேண்ட் கேபிள் அது. "இன்னும் ஒரு சாண் தோண்டுங்க மாப்ள" என்று மாமனார் அன்றைக்கே சொன்னார். ஊருக்கெல்லாம் பிராட்பேண்ட் கொடுக்கிறவன் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வானா?

மாமனார் கூடத்தில் நிம்மதியாகப் படுத்திருந்தார். எண்பத்திரண்டு வயது. காலையில் காப்பி குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட்டுச் சாய்ந்தவர்தான். அவருடைய மகன் நடுக்கடலில் சரக்குக் கப்பலில் இருந்தான். வர வழியில்லை. 'அப்பாவுக்கு மெயில் எழுதுறேன். எடுக்கறதுக்கு முன்னாடி அவர்கிட்ட படிச்சிடுங்க மச்சான்' என்று மட்டும் காலையில் மெயிலில் கேட்டிருந்தான். நான்கு மணிக்கு அமரர் வண்டி. இப்போதே மூன்றேகால். செல்போனில் மெயில் பார்க்கும் காலம் இன்னும் வரவில்லை. மருமகனின் ஆபீசுக்குப் போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரமாகும்.

"அப்பாவோட பெட்டி இருக்கே?" என்றாள் மனைவி.

மருமகனின் முகம் சுண்டிப்போனது. சோப்புப் பெட்டியைவிடச் சற்றே பெரிய இருந்த, போன் லைனில் இன்டர்நெட் எடுக்கும் அந்த டயல்-அப் மோடத்தை அவன் வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்திருக்கிறான். தூக்கிப் போடச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றிருக்கிறான். "உங்களோடது குதிரை மாப்ள, ஓடும். மழை பெஞ்சா படுத்துக்கும். நம்மளோடது கழுதை. மெதுவாத்தான் வரும், ஆனா வந்துடும்" என்று சிரிப்பார் மாமனார். ஞாயிறு தவறாமல் அதைப் போட்டு மகனுக்கு ஒரு மெயிலும் அனுப்புவார்.

அலமாரியிலிருந்து எடுத்துத் திருப்பினால், அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'மாப்பிள்ளை கவனத்துக்கு. முதலில் போன் வயர். அப்புறம் சுவிட்ச். பொறுமை தேவை.'

"என்னிக்காவது நான் இதுகிட்ட வந்து நிப்பேன்னு மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு பாரேன்!"

மாமனாரின் கம்ப்யூட்டரில் மாட்டினான். விளக்குகள் சிவந்தன. கீய்ய்... கொர்ர்ர்... ங்ஙீ... காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த மாமியார் சட்டென்று நிமிர்ந்தார்.

"அப்படியே உங்க மாமா குறட்டை!"

அவ்வளவுதான். மனைவி குலுங்கிச் சிரித்தாள். சாவு வீடு என்பதையும் மறந்து கூடமே வெடித்துச் சிரித்தது. மாமியாருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து புரையேறி, யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

அதற்குள் லைன் கிடைத்து, கடிதம் வந்துவிட்டது. மருமகன் அதைத் தாளில் எழுதிக்கொண்டு போய் மாமனாரின் காதருகே குனிந்து படித்தான்.

"அப்பா, ஞாயித்துக்கிழமையானா ஒரே வரி அனுப்புவீங்க, 'கேக்குதாடா?'ன்னு. ஒரு வாரம்கூடத் தவறல. அப்பா லைன் டெஸ்ட் பண்றார்னு நான் பதிலே போட்டதில்ல. கேக்குதுப்பா. நல்லாவே கேக்குது."

மருமகன் எழுந்துபோய், 'படிச்சிட்டேன் மச்சான்' என்று தட்டி அனுப்பினான்.

வாசலில் வண்டி வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"ஒரு நிமிஷங்க, மெயில் போய்க்கிட்டிருக்கு" என்று மருமகன் மோடத்தின் மேல் கையை வைத்துக் காத்திருந்தான். அது இளஞ்சூடாக இருந்தது.