செபத்தின் பின்பாதி

மருத்துவச்சியின் மகள் பிரசவத்தில் இறந்த புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு, அந்த ஊரில் 'அருள் நிறைந்த மரியே' செபத்தின் பின்பாதி இல்லாமல் போனது. கோயிலில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பதினொரு பெண்களும் 'இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே' என்பதோடு நின்றார்கள். அதற்குமேல் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. செபப் புத்தகங்களில் 'எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்' என்று முடியும் அந்த வரிகள் வெளுத்துக் கிடந்தன. அச்சகத்துக்காரர் மையைத் திட்டிக்கொண்டே மறுபடி அடித்துப் பார்த்தார். காகிதம் மையை ஏற்கவில்லை.

காரணம் மருத்துவச்சிக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருடமாக அந்தச் செபத்தை முணுமுணுத்துக்கொண்டுதான் ஒவ்வொரு குழந்தையையும் ஏந்தினாள். மகளுக்கும் அப்படித்தான். 'எங்கள் மரண நேரத்திலும்' என்று அவள் வாய் சொன்னபோது ரத்தம் கட்டுமீறிப் போனது. மகள் போனாள், பிள்ளையும் அழாமலே போனது. கையைக் கழுவும்போது, "இனிமே யாரும் உன்கிட்ட எதுவும் கேக்க வேணாம்" என்று குழாய்த் தண்ணீரைப் பார்த்தபடி மாதாவிடம் சொன்னாள். சொன்னது அவ்வளவுதான்.

அதன்பின் ஊரில் சாக வேண்டியவர்களால் சாக முடியவில்லை. நேரம் வந்தவர்கள் அந்த நேரத்திலேயே நின்றார்கள். தையல்காரரின் அம்மா ஏழு வாரமாகக் கடைசி மூச்சோடு கிடந்தாள். மருத்துவச்சியின் கணவர் பஸ் மெக்கானிக்காக இருந்தவர், நுரையீரல் கெட்டுப் படுத்தவர். இரண்டு நாள் தாங்குவார் என்று டாக்டர் சொல்லி ஐந்து மாதம் ஆகியிருந்தது. முதுகுப் புண்ணை அவள் துடைக்கும்போது அவர் பல்லைக் கடித்துக்கொள்வார்.

"எனக்காக ஒரு வார்த்தை கேட்டா கொறஞ்சா போயிடுவே?"

"அவளுக்காகக் கேட்டேனேங்க" என்றாள்.

மறுநாள் பங்குச் சாமியாரிடம் போனாள். அவரும் ஐந்து மாதமாகச் சரியாகத் தூங்காதவர். லூக்கா முதல் அதிகாரத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சொன்னார்:

"முன்பாதிதாம்மா வேதத்துல இருக்கு. வாழ்த்துனது வானதூதர். 'பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீர்'னு சொன்னது மாதாவோட சொந்தக்காரங்க எலிசபெத்து. அவங்களும் ஆறு மாசக் கர்ப்பிணி. ரெண்டு பேருமே எதுவும் கேக்கல. பல நூறு வருஷம் ஜனங்க அவ்வளவுதான் சொன்னாங்க. இயேசுங்கிற பேரே அப்புறம் சேந்ததுதான். வேண்டிக்கொள்ளும்னு வர்ற பாதி அதுக்கும் பின்னாடி, ஜனங்க சாவுக்குப் பயந்து பயந்து சேத்தது. திருச்சபை அதை இப்ப இருக்கிற மாதிரி உறுதிப்படுத்தி நானூறு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அப்போ அது எங்கள மாதிரி ஆளுங்க சேத்ததா?"

"ஆமா."

"கேட்டவங்களுக்குக் கெடச்சுதா சாமி?"

சாமியார் புத்தகத்தை மூடினார். "எல்லாரும் செத்துத்தான் போனாங்க. கேட்டுக்கிட்டே போனாங்க, அவ்வளவுதாம்மா எனக்குத் தெரியும்."

ஆறுதல் எதுவும் இல்லாமல் வீடு திரும்பினாள். கணவரின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு முன்பாதியைச் சொன்னாள். அந்த இடத்தில் வழக்கம்போல வாய் அடைத்தது. ஓடிப்போன வார்த்தைகளைத் தேடாமல், வாயில் வந்ததைப் பேசினாள். "நீயும் பெத்தவதானே? செத்த பிள்ளைய மடியில போட்டவதானே? உன்மேல எனக்கு இன்னும் கோவம் தீரல. ஆனாலும் கேக்குறேன். இவர விட்டுடு."

பிற்பகல் மூன்றரைக்கு அவர் போய்ச் சேர்ந்தார். முப்பத்திரண்டு வருடத்தில் அவள் கேட்டு உடனே கிடைத்தது அது ஒன்றுதான். அழக்கூட அவளிடம் எதுவும் மிச்சமில்லை. அந்த வாரம் ஊரில் ஒன்பது அடக்கம் நடந்தது. தச்சர் பெட்டி செய்து மாளவில்லை.

பின்பாதி திரும்பி வரவேயில்லை. அந்த இடம் வந்ததும் ஒவ்வொருவரும் தங்களுக்கு வேண்டியதைத் தங்கள் பேச்சிலேயே முணுமுணுத்தார்கள். மருத்துவச்சி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, மற்றவர்கள் கேட்டு முடிக்கும்வரை காத்திருப்பாள். செபமாலை முடிய இப்போது இருபது நிமிடம் கூடுதலாகிறது. கோயிலைப் பூட்டுகிறவர் சாப்பாட்டு நேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்.