தொட்டிக் காலில் எழுதிய தேதி

பொய் சொல்லுகிறவன் கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டாமா? ஜெயசுதாவுக்கு வயிறு எரிந்தது. சிங்கவரம் போகிற ரோட்டோரம் நிற்கும் மேல்நிலைத் தொட்டியின் காலில் நீலப் பெயின்டால் புதிதாக எழுதியிருந்தார்கள்: சுத்தம் செய்த நாள், பன்னிரண்டாம் தேதி.

பன்னிரண்டாம் தேதி அவள் மகள் வித்யாஸ்ரீக்குக் காதுகுத்து. தொட்டி கழுவுகிற நாளில் தெருவுக்குத் தண்ணீர் கிடையாது. முந்தின நாளே அண்டா குண்டா எல்லாம் நிரப்பி வைத்துக்கொள்வார்கள். அன்றைக்கோ காலையில் இரண்டு மணி நேரம் குழாயில் தண்ணீர் கொட்டியது. வந்த சொந்தபந்தத்துக்கெல்லாம் அதைத்தான் மொண்டு கொடுத்தாள். மூன்றாம் நாள் பிள்ளைக்கு வாந்தி பேதி. ஐந்து நாள் டிரிப்ஸ் ஏற்றி இன்று சாயங்காலம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வீட்டில் குடிக்க இருப்பது அதே தொட்டித் தண்ணீர். காய்ச்சிக் குடியுங்கள் என்றார் டாக்டர். காய்ச்சினால் கிருமி சாகும், இவன்கள் புளுகு சாகுமா?

தண்ணீர் திறந்துவிடும் துரைராஜ் வால்வுச் சாவியோடு வந்தான். அவள் கேட்டதும் முதலில் மழுப்பினான். பிறகு, காண்ட்ராக்டர் நெடுமாறனின் ஆள் பெயின்ட் டப்பாவோடு மட்டும் வந்ததையும், கழுவியதாகத் தன்னிடம் கையெழுத்து வாங்கிப் போனதையும் ஒப்புக்கொண்டான். நான் சின்ன ஆள் அக்கா என்று இழுத்தான். கையெழுத்தும் சின்னதா என்று கேட்டுவிட்டு, சாவியைப் பிடுங்கி வால்வை அவளே மூடினாள்.

அரை மணியில் காலிக் குடங்களோடு தெருவே வந்துவிட்டது. எதிர்வீட்டு மீனம்பாளின் வாய் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். இவள் வீட்டுப் பிரச்சனைக்கு நாங்கள் சாவதா என்று ஆரம்பித்தவளைத் தேதியைப் படிக்கச் சொன்னாள் ஜெயசுதா. படித்ததும் மீனம்பாள் துரைராஜ் பக்கம் திரும்பினாள்.

"பன்னெண்டாந்தேதி நான்தான இவ வூட்டுக்கு எட்டு கொடம் புடிச்சிக் குடுத்தேன். இன்னாடா, தொட்டிய கழுவிக்கினே தண்ணி வுட்டியா?"

துரைராஜ் போய்த் தொட்டியின் அடியில் இருக்கும் கழிவுக்குழாயைத் திறந்துவிட்டான். செம்மண் சேறாக வந்தது, நடுநடுவே புறா இறகு. ஒருத்தி தன் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். மீனம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாள் எல்லார் வயிற்றுக்குள்ளும் போனது அதுதான்.

சேதி போய் மத்தியானம் நெடுமாறன் ஆட்களோடு வந்தார். பெண்கள் சுற்றி நின்று பார்க்க, தொட்டியைத் தேய்த்துக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். எல்லாம் முடிந்ததும், பழைய தேதியை அழித்துவிட்டு இருபது என்று எழுதச் சொன்னார் பெயின்டரிடம். ஜெயசுதா குறுக்கே போய் நின்றாள்.

"அடியில எழுது. பன்னெண்டு அப்டியே இருக்கட்டும். எம்மவ இந்தத் தண்ணிய குடிச்ச தேதி அது."

பெயின்டர் நெடுமாறனைப் பார்த்தான். நெடுமாறன் பெண்களைப் பார்த்தார். ஒருத்தியும் நகரவில்லை. பெயின்டர் குனிந்து அடியில் இருபது என்று எழுதினான்.

எட்டே நாளில் இரண்டு தரம் கழுவின அதிசயத் தொட்டி. போகிறவர் வருகிறவர் ஏன் என்று கேட்பார்கள். சொல்லத் தெருவில் நாற்பது வாய் இருக்கிறது.